கைக்குழந்தை முதல் முன்பள்ளி வரை: எங்கள் பிள்ளைப் பராமரிப்பு நிலையம் பற்றிப் பெற்றோர் கேட்பவை

யாழ்ப்பாணத்தில் ஊர்ச் சங்கம் ஒன்றின் பொறுப்பில், இலாபம் கருதாமல் நடக்கும் பகல்நேரப் பிள்ளைப் பராமரிப்பு நிலையம் இது. திங்கள் முதல் வெள்ளி வரை காலை 7.00 மணிக்குத் திறந்து மாலை 5.30க்கு மூடுகிறோம். பிள்ளையைச் சேர்க்க வரும் தாய் தகப்பனும், கூடவே வரும் அம்மம்மாவும் அப்பப்பாவும் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்குக் கீழே பதில் சொல்லியிருக்கிறோம். சேர்க்கும் முன் ஒருமுறை முழுவதையும் வாசித்துவிட்டு வாருங்கள்.

எத்தனை மாதப் பிள்ளையிலிருந்து சேர்க்கலாம்?

நான்கு மாதம் முடிந்திருக்க வேண்டும். அரச சேவையில் இருக்கும் தாய்க்கு முழுச் சம்பளத்துடன் 84 வேலைநாள் பிரசவ விடுமுறை கிடைக்கிறது. அது முடியும்போது பிள்ளைக்கு ஏறத்தாழ நான்கு மாதம். அரைச் சம்பளத்திலாவது இன்னும் கொஞ்ச நாள் விடுமுறையை நீட்ட முடிந்தால் நீட்டுங்கள் என்றுதான் எல்லாத் தாய்மாருக்கும் சொல்கிறோம். ஆறு மாதம் வரை பிள்ளைக்குத் தாய்ப்பால் மட்டுமே போதும். தாய் பக்கத்தில் இருந்தால் அது எளிது. நீட்ட வழியில்லாதவர்களுக்காகவே நான்கு மாதப் பிள்ளைகளையும் எடுக்கிறோம்.

மேல் எல்லை முதலாம் வகுப்பு. ஜனவரி 31இல் ஐந்து வயது நிறைந்திருந்தால் அந்த ஆண்டு பாடசாலைக்குப் போகலாம். பெப்ரவரியில் பிறந்த பிள்ளை எங்களோடு இன்னும் ஓராண்டு இருக்கும். அதைப் பின்தங்கலாக நினைக்க வேண்டாம்.

ஒருவர் எத்தனை பிள்ளைகளைப் பார்க்கிறார்?

எந்த நிலையத்துக்குப் போனாலும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது. கட்டடம், வர்ணம், விளையாட்டுப் பொருள் எல்லாம் இதற்குப் பிறகுதான்.

ஒரு வயதுக்குள் மூன்று பிள்ளைக்கு ஒருவர். ஒன்றிலிருந்து இரண்டு வயது வரை நான்கு பிள்ளைக்கு ஒருவர். இரண்டிலிருந்து மூன்று வரை ஆறு பேருக்கு ஒருவர். முன்பள்ளி வயதில் பத்துப் பேருக்கு ஒருவர். கைக்குழந்தை அறையில் ஒன்பது பிள்ளைக்கு மேல் எடுப்பதில்லை. இடம் இருக்கிறதே என்று பத்தாவது பிள்ளையைச் சேர்த்தால், ஒருவர் பம்பஸ் மாற்றும்போதும் இன்னொருவர் பால் புகட்டும்போதும் தவழும் பிள்ளைகளைப் பார்க்க மிஞ்சும் ஒருவர் போதாது. விபத்துகள் பெரும்பாலும் அந்த இரண்டு மூன்று நிமிடத்தில்தான் நடக்கும். ஒரே ஒரு பிள்ளை நின்றாலும் நிலையத்தில் இரண்டு பெரியவர்கள் இருப்பார்கள். ஒருவருக்கு மயக்கம் வந்தாலும் பிள்ளை தனித்துப்போகக் கூடாது.

சமையல் செய்பவரையும் கணக்கு எழுதுபவரையும் இந்த எண்ணிக்கையில் சேர்ப்பதில்லை. வேறு இடம் பார்க்கப் போகிறவர்கள் இதையும் கேட்டுப் பாருங்கள். “எட்டுப் பேர் வேலை செய்கிறோம்” என்பார்கள். பிள்ளையோடு நிற்பவர்கள் எத்தனை பேர் என்று கேளுங்கள்.

இலாபம் இல்லையென்றால் கட்டணம் ஏன் முன்பள்ளியைவிட இவ்வளவு கூட?

முன்பள்ளி காலை எட்டு மணிக்குத் தொடங்கிப் பதினொன்றரை, பன்னிரண்டோடு முடியும். இங்கே பத்தரை மணி நேரம். அந்த நேரத்துக்கு இரண்டு முறைமாற்று ஆட்கள் தேவை. கைக்குழந்தை அறையில் ஒருவரின் சம்பளத்தை மூன்று குடும்பம் பங்கிடுகிறது. முன்பள்ளி வகுப்பில் அதைப் பத்துக் குடும்பம் பங்கிடும். கைக்குழந்தைக் கட்டணம் கூடுவதற்கு இதுவே காரணம்.

வருமானத்தின் பெரும்பங்கு சம்பளமாகப் போகிறது. சம்பளத்தோடு ஊழியர் சேமலாப நிதிக்கு நிலையத்தின் பங்காக 12 வீதமும், ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 வீதமும் கட்டுகிறோம். பிள்ளை பார்ப்பதை “சும்மா இருக்கிற வேலை” என்று நினைத்துக் கைச்செலவுக் காசு கொடுக்கும் இடத்தில் ஆட்கள் நிலைக்க மாட்டார்கள். ஆள் மாறினால் பிள்ளை மறுபடி முதல் நாள் அழுகையிலிருந்து தொடங்கும். சம்பளத்துக்குப் பிறகு உணவு, எரிவாயு, மின்சாரம், குடிநீர், துப்புரவுச் சாமான். மிஞ்சினால் அடுத்த ஆண்டுத் திருத்த வேலைக்கு. யாருக்கும் பங்கு பிரிப்பதில்லை. மாத வரவு செலவை வாசல் பலகையில் ஒட்டுகிறோம். பெற்றோர் யாரும் பற்றுச்சீட்டுக் கட்டைக் கேட்டுப் பார்க்கலாம்.

கட்டணத்தில் மூன்று படிகள் உண்டு. தாய் தனித்துக் குடும்பத்தைக் கொண்டுபோகும் வீடுகளும் நாட்கூலி வீடுகளும் குறைந்த படியில் வரும். அதற்குக் கிராம அலுவலரின் கடிதம் போதும். எந்தப் பிள்ளை எந்தப் படி என்பது தலைவிக்கும் பொருளாளருக்கும் மட்டும் தெரியும். பராமரிப்பாளருக்குக்கூடச் சொல்வதில்லை.

சேர்க்கும்போது என்ன கொண்டுவர வேண்டும்?

பிறப்புச் சான்றிதழ்ப் பிரதி, கிளினிக் புத்தகம், தாய் தகப்பனின் அடையாள அட்டைப் பிரதி, கூட்டிப்போகக் கூடியவர்களின் பெயரும் படமும், ஒவ்வாமை இருந்தால் வைத்தியர் எழுதிய குறிப்பு.

கிளினிக் புத்தகத்தில் ஊசிப் பக்கத்தை நாங்கள் வரி வரியாகப் பார்ப்போம். பிறந்தவுடன் பிசிஜி, 2, 4, 6 மாத ஊசிகளும் போலியோச் சொட்டும், 9 மாதத்தில் சின்னமுத்து, கூகைக்கட்டு, ருபெல்லாவுக்கான ஊசி, 12 மாதத்தில் யப்பானிய மூளைக்காய்ச்சலுக்கானது, 18 மாதத்தில் ஒன்று, மூன்று வயதில் சின்னமுத்து ஊசியின் இரண்டாம் தடவை. தவறிப்போயிருந்தால் பிள்ளையைத் திருப்பி அனுப்ப மாட்டோம். உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் போய் அடுத்த கிளினிக் திகதியை எழுதி வாங்கி வாருங்கள். ஒன்பது மாதத்துக்குக் குறைந்த பிள்ளைக்குச் சின்னமுத்து ஊசி போடும் வயது இன்னும் வரவில்லை. அதே கூரைக்குக் கீழ் இருக்கும் பெரிய பிள்ளைகள் ஊசி போட்டிருப்பதுதான் அதற்குப் பாதுகாப்பு.

முதல் நாளே விட்டுவிட்டு வேலைக்குப் போகலாமா?

வேண்டாம். வேலை தொடங்க இரண்டு கிழமைக்கு முன் வாருங்கள். முதல் இரண்டு நாள் தாயும் பிள்ளையும் ஒரு மணி நேரம் இருந்துவிட்டுப் போகலாம். பிள்ளையைத் தூக்குவதும் துடைப்பதும் தாய்தான். பராமரிப்பாளர் பக்கத்தில் இருந்து பழகுவார். மூன்றாம் நான்காம் நாள் பராமரிப்பாளர் பால் புகட்டுவார், தாய் கண்ணுக்குத் தெரியும்படி இருப்பார். ஐந்தாம் நாள் தாய் சொல்லிவிட்டு வெளியே போய் இருபது நிமிடத்தில் திரும்ப வேண்டும். அது சரிவந்தால் அடுத்த நாள் ஒரு மணி நேரம், பிறகு மதியச் சாப்பாடு வரை, பிறகு ஒரு உறக்கம் முடியும் வரை. பத்தாம் நாளளவில் முழு நாள்.

ஏழெட்டு மாதத்தில் பிள்ளைக்கு ஆள் அடையாளம் வரும்; ஒன்றரை வயது வரை பிரிவு கடுமையாக இருக்கும். நான்கு மாதப் பிள்ளை இரண்டு நாளில் பழகிவிட, பதினொரு மாதப் பிள்ளை இரண்டு கிழமை அழுவதற்குக் காரணம் இதுதான். அழுகிறதே என்று பிள்ளை வேறுபக்கம் பார்க்கும்போது களவாகப் போய்விடாதீர்கள். அடுத்த நாள் தாயின் சட்டையை விடாமல் பிடித்துக்கொண்டு, விளையாடவும் போகாமல், வாசலையே பார்த்துக்கொண்டிருக்கும். “அம்மா வேலைக்குப் போயிட்டு, நீ உறங்கி எழும்பினாப் பிறகு வாறன்” என்று ஒரே வசனத்தை ஒவ்வொரு நாளும் சொல்லிவிட்டு, திரும்பிப் பாராமல் போங்கள். பத்து மணிக்கு ஒருமுறை தொலைபேசியில் கேளுங்கள். பெரும்பாலும் அப்போது அழுகை ஓய்ந்திருக்கும்.

தாய்ப்பால் கொடுத்துக்கொண்டே வேலைக்குப் போகலாமா?

போகலாம். பக்கத்தில் வேலையென்றால் இடையில் வந்து கொடுங்கள். அதற்குத் திரை போட்ட மூலையும் சாய்வு நாற்காலியும் உண்டு. மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டத்துக்குள் வரும் தாய்க்கு, பிள்ளைக்கு ஒரு வயதாகும் வரை, ஒன்பது மணி நேர வேலைக்குள் இரண்டு பாலூட்டும் இடைவேளை உண்டு. வேலைத்தளத்தில் பிள்ளைக்காப்பகம் இருந்தால் தலா 30 நிமிடம், இல்லாவிட்டால் தலா ஒரு மணி நேரம். தொழிற்சாலையில் நிற்கும் பலருக்கு இது தெரியாது. முதலாளியிடம் கேளுங்கள்.

பிழிந்து கொண்டுவருவதானால் மூடியுள்ள சிறு கொள்கலனில் ஒரு தடவைக்குத் தேவையான அளவு, 60 முதல் 100 மில்லிலீற்றர், தனித்தனியாக எடுத்து வாருங்கள். பிள்ளையின் பெயர், திகதி, பிழிந்த நேரம் மூன்றையும் எழுதுங்கள். வெளியில் வைத்தால் நான்கு மணி நேரம் தாங்கும் என்று சொல்வது 25 பாகைக்குட்பட்ட அறைக்கு. எங்கள் சித்திரை வைகாசி வெயிலில் அந்தக் கணக்கு பொருந்தாது. ஐஸ் கட்டியோடு குளிர்ப்பெட்டியில் கொண்டுவாருங்கள். வந்தவுடன் பிரிஜ்ஜின் உட்பக்கத்தில் வைப்போம்; கதவுத் தட்டில் வைத்தால் திறந்து மூடச் சூடேறும். குளிரில் நான்கு நாள் வரை நல்லது. கொழுப்பு மேலே படிந்திருப்பது பழுதல்ல. மெதுவாகச் சுழற்றினால் கலந்துவிடும். வெந்நீர்க் கிண்ணத்தில் வைத்து இளஞ்சூடாக்குவோம். மைக்ரோவேவில் வைப்பதில்லை, ஒரு பக்கம் கொதித்து மறுபக்கம் குளிர்ந்திருக்கும். குடித்து மிஞ்சியதை இரண்டு மணி நேரத்துக்குப் பிறகு ஊற்றிவிடுவோம். அதைப் பார்த்து மனம் நோவது நியாயம்தான். அதனால்தான் சிறு அளவாகக் கேட்கிறோம்.

சூப்பிப் போத்தல் பாவிப்பதில்லை. சூப்பியின் கழுத்திலும் துளையிலும் பால் படிந்து கிருமி வளரும், கழுவுவது கடினம். சிறு கோப்பையாலும் கரண்டியாலும் நான்கு மாதப் பிள்ளைக்கும் புகட்டலாம். பிள்ளையை நிமிர்த்தி மடியில் வைத்து, கோப்பை விளிம்பைக் கீழுதட்டில் தொடவைத்தால் அதுவே நக்கிக் குடிக்கும். வாய்க்குள் ஊற்றக் கூடாது.

பால்மா குடிக்கும் பிள்ளைக்கு என்ன தண்ணீர்? எங்கள் வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் கொதிக்கவைத்தால் போதாதா?

இதற்கு நீண்ட பதில் சொல்லத்தான் வேண்டும். யாழ்ப்பாணக் குடாநாட்டின் நிலத்தடி நீர் சுண்ணாம்புக்கல்லுக்குள் நிற்கிறது. மேலே இருக்கும் மண் பல இடங்களில் ஆழமில்லாதது. வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் புகையிலைக்கும் போடும் உரமும், மலசலகூடக் குழியிலிருந்து ஊறுவதும் கிணற்றுக்குள் நைத்திரேற்றாக வந்து சேர்கின்றன. குடிநீரில் ஒரு லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்று வரைதான் இருக்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. தோட்டப் பகுதிக் கிணறுகள் பலவற்றில் அதைத் தாண்டியிருப்பது ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது.

பெரியவர்களுக்கு உடனே ஒன்றும் தெரியாது. ஆறு மாதத்துக்குள் உள்ள பிள்ளைக்கு நைத்திரேற்று இரத்தம் ஒட்சிசன் சுமப்பதைக் குறைக்கும். உதடும் நகமும் நீலம் பூக்கும். கொதிக்கவைத்தால் கிருமி சாகும், நைத்திரேற்று போகாது. நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடும். நிறம், மணம், சுவை எதிலும் தெரியாது. ஆகவே இங்கே குடிக்கவும் சமைக்கவும் பரிசோதித்த குடிநீர் மட்டும். கிணற்று நீர் குளிக்கவும் கழுவவும். வீட்டிலும் பால்மா கரைப்பதானால் கிணற்று நீரை ஒருமுறை பரிசோதிக்கக் கொடுங்கள். பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டால் எங்கே கொடுப்பது என்று சொல்வார்.

கரைக்கும் முறை: நீரைக் கொதிக்கவைத்து இறக்கி அரை மணிக்குள், 70 பாகைக்குக் குறையாத சூட்டில் தூளைப் போட வேண்டும். பால்மாத் தூள் கிருமியற்றதல்ல. அதில் இருக்கக்கூடிய கிருமியை அந்தச் சூடு கொல்லும். பிறகு கோப்பையை ஓடும் நீரில் ஆற்றி, மணிக்கட்டில் ஒரு துளி விட்டுப் பார்த்துப் புகட்டுவோம். தகரத்தில் எழுதியுள்ள அளவுக் கரண்டியைத் தட்டையாக வழித்து எடுக்க வேண்டும். பிள்ளை கொழுக்கட்டும் என்று ஒரு கரண்டி கூடப் போட்டால் மலம் இறுகும், சிறுநீரகத்துக்குச் சுமை. விலை கூடிவிட்டது என்று குறைத்துப் போட்டால் பிள்ளை மெலியும். அப்படி ஒரு இக்கட்டு வந்தால் மறைக்காமல் எங்களிடம் சொல்லுங்கள். இன்னொன்று: தேத்தண்ணிக்குப் போடும் பால்மா கைக்குழந்தைக்கு உரியதல்ல. அதைக் கொண்டுவந்தால் ஏற்கமாட்டோம்.

எங்கள் பிள்ளை ஏணையில்தான் உறங்கும். ஏணை கட்டித் தருவீர்களா?

இல்லை. அம்மம்மாமார் இதில் எங்களோடு மனஸ்தாபப்படுவதுண்டு. தலைமுறை தலைமுறையாக எல்லோரும் ஏணையில் வளர்ந்தவர்கள்தான் என்பதும் உண்மை. ஆனால் வீட்டில் ஏணைக்குப் பக்கத்தில் ஒருவர் இருந்து ஒரு பிள்ளையைப் பார்க்கிறார். இங்கே ஒன்பது.

துணி வளைந்திருப்பதால் பிள்ளையின் நாடி நெஞ்சில் படும். சிறு பிள்ளையின் மூச்சுக்குழாய் மெல்லியது, நாடி தாழ்ந்தால் அது ஒடுங்கும். புரண்டால் முகம் துணியில் புதையும். வெளியிலிருந்து பார்த்தால் முகம் தெரியாது. நான்கைந்து மாதத்தில் எட்டிப் பார்க்கத் தொடங்கினால் குப்புற விழும். சேலை நைந்தாலோ கயிறு வழுக்கினாலோ சீமெந்து நிலம்தான் கீழே.

இங்கே உறுதியான மெத்தையில் மல்லாக்கப் படுக்கவைக்கிறோம். தலையணை, போர்வை, துணிப் பொம்மை எதுவும் ஒரு வயதுக்குள் படுக்கையில் இல்லை. மேலே குடை போன்ற நுளம்பு வலை. மின்விசிறி மெதுவாக ஓடும். பிடரியில் கைவைத்து வியர்த்திருந்தால் சட்டையைக் கழற்றிவிடுவோம். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒருவர் கிட்டப்போய் நெஞ்சு ஏறி இறங்குவதையும் உதட்டு நிறத்தையும் பார்த்து, நேரத்தைத் தாளில் எழுதிக் கையெழுத்திடுவார். அந்தத் தாளை நீங்கள் கேட்டு வாங்கிப் பார்க்கலாம்.

சேர்ப்பதற்கு இரண்டு கிழமைக்கு முன்பிருந்தே வீட்டில் பகல் உறக்கம் ஒன்றையாவது பாயில் பழக்குங்கள். கண் சொருகும்போதே கிடத்தி, நெஞ்சில் மெதுவாகத் தட்டி, ஏணையில் பாடும் அதே தாலாட்டைப் பாடுங்கள். மூன்று நாள் பாடாகத்தான் இருக்கும்.

சாப்பாடு என்ன கொடுக்கிறீர்கள்?

ஆறு மாதம் முடியும் வரை பாலைத் தவிர ஒன்றுமில்லை, தண்ணீரும் இல்லை. பிறகு குழைத்த சோறும் பருப்பும், பிறகு கீரை, பூசணி, முட்டை, மீன் என்று ஒன்றன்பின் ஒன்றாக. புதிய உணவை முதலில் வீட்டில் மூன்று நாள் கொடுத்துப் பாருங்கள், ஒவ்வாமை இருந்தால் தெரிந்துவிடும். கரண்டியைச் சரித்தால் ஒழுகாத தடிப்பில் இருக்க வேண்டும். தண்ணியாகக் கரைத்த கஞ்சி வயிற்றை நிரப்பும், உடம்பில் ஒட்டாது. ஆறிலிருந்து எட்டு மாதத்தில் இரண்டு மூன்று மேசைக்கரண்டியில் தொடங்கி 250 மில்லிலீற்றர்க் கோப்பையில் அரைவாசி வரை. ஒரு வயதுக்குப் பிறகு முக்கால் கோப்பையிலிருந்து ஒரு கோப்பை. உப்பும் சீனியும் ஒரு வயது வரை சேர்ப்பதில்லை. தேன் ஒரு வயதுக்குள் கூடவே கூடாது. அதில் இருக்கக்கூடிய கிருமி வித்துகள் கைக்குழந்தையின் குடலில் நஞ்சை உண்டாக்கி உடம்பைத் தளரவைக்கும்.

மீன் என்றால் பாரை, விளைமீன். அவித்து, விரலால் பிசைந்து முள் பார்த்த பிறகுதான் சோற்றில் சேரும். முள் இல்லை என்பதற்காகச் சுறா கேட்கிறார்கள். பெரிய மீன்களில் பாதரசம் கூடுதலாகச் சேர்ந்திருப்பதால் சிறு பிள்ளைகளுக்கு நாங்கள் எடுப்பதில்லை. பின்னேரம் அவித்த பயறோ கௌபியோ தேங்காய்ப்பூவோடு, அல்லது குரக்கன் கூழ், வாழைப்பழம்.

வீட்டிலிருந்து கச்சான், மிக்சர், முறுக்கு, முழுத் திராட்சை, றம்புட்டான், இறுகிய இனிப்பு கொடுத்துவிடாதீர்கள். ஐந்து வயது வரை கடைவாய்ப்பல்லால் அரைத்துத் தின்னும் பழக்கம் முழுதாக வராது. வழுக்கும் உருண்டை நேரே தொண்டைக்குப் போய் அடைக்கும். திராட்சையை நீளவாக்கில் நான்காக வெட்ட வேண்டும். பல்லுக்கொழுக்கட்டை கொட்டிவிட்டு எங்களுக்கும் பங்கு கொண்டுவருவது சந்தோசம். அதில் பல்லு மாதிரிக் குத்திய தேங்காய்ச் சொட்டு மட்டும் பிள்ளைகள் கைக்குப் போகாது.

அடைத்துவிட்டால் செய்வதை எல்லாப் பராமரிப்பாளரும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பொம்மையில் செய்து பழகுகிறார்கள். ஒரு வயதுக்குள் என்றால் முன்கையில் குப்புறக் கிடத்தித் தலை தாழ்ந்திருக்க, தோள்பட்டைகளுக்கு நடுவே ஐந்து தட்டு. வராவிட்டால் திருப்பி நெஞ்செலும்பில் இரண்டு விரலால் ஐந்து அழுத்தம். ஒரு வயதுக்கு மேல் என்றால் முதுகில் ஐந்து தட்டு, பிறகு தொப்புளுக்கு மேலே ஐந்து உட்புற மேல்நோக்கிய அழுத்தம். வாய்க்குள் கண்மூடித்தனமாக விரல் விட்டுத் துழாவினால் பொருள் இன்னும் கீழே போகும். இதை நீங்களும் பழகலாம், பயிற்சி நாளில் வாருங்கள்.

பஞ்சாயுதம், அரைநாண், கறுப்பு வளையல் போட்டு அனுப்பலாமா?

கழுத்துச் சங்கிலியும் பஞ்சாயுதமும் வீட்டிலேயே இருக்கட்டும். உறக்கத்தில் கழுத்தைச் சுற்றும், கழன்றால் வாய்க்குள் போகும், தொலைந்தால் மனக்கசப்பு. அரைநாண் இருக்கலாம், இரண்டு விரல் உள்ளே போகும் தளர்வு வேண்டும். பிள்ளை வளர வளரப் பாருங்கள். மணி கோத்த வளையல் வேண்டாம். பொட்டு கன்னத்தில் வைக்கலாம், கண்ணுக்குள் மை தீட்ட வேண்டாம்.

என்ன வருத்தத்துக்கு வீட்டில் நிறுத்த வேண்டும்?

தடிமன், மூக்கு வடிதல் மட்டும் என்றால் வரலாம். பேனுக்கும் நிறுத்துவதில்லை. 38 பாகைக்கு மேல் காய்ச்சல் என்றால் வீட்டில். பரசிற்றமோல் கொடுக்காமலே 24 மணி நேரம் காய்ச்சல் இல்லாமல் இருந்த பிறகு வரலாம். வயிற்றோட்டம், சத்தி என்றால் கடைசியாகப் போனதிலிருந்து 48 மணி நேரம். கொப்புளிப்பானுக்கு எல்லாக் கொப்புளமும் காய்ந்து பொருக்கு விடும் வரை. அம்மாள் வருத்தம் என்று தண்ணீர் வார்க்கும் நாளைக் கணக்குப் பார்ப்பது உங்கள் வழக்கம். எங்களுக்குப் பொருக்குத்தான் கணக்கு. கூகைக்கட்டுக்கு வீக்கம் தொடங்கி ஐந்து நாள். சின்னமுத்துக்குத் தடிப்பு தொடங்கி நான்கு நாள்.

மாரி மழை தொடங்கினால் தைமாதம் வரை டெங்கு நினைப்போடு இருங்கள். டெங்கில் ஆபத்து தொடங்குவது பெரும்பாலும் காய்ச்சல் விடும்போதுதான். “காய்ச்சல் விட்டிட்டுது, பிள்ளை சோர்ந்து கிடக்குது” என்றால் அது சுகம் வருவதல்ல. வயிற்று நோ, தொடர் சத்தி, குளிர்ந்த கைகால், சிறுநீர் குறைவு, இரத்தக்கசிவு என்றால் உடனே வைத்தியசாலை. அந்தப் பருவத்தில் காய்ச்சல் இரண்டு நாள் தாண்டினால் வைத்தியரிடம் காட்டி இரத்தம் பார்க்காமல் பிள்ளையை ஏற்கமாட்டோம். ஐபுப்ரோபன், அஸ்பிரின் கொடுக்க வேண்டாம்.

இங்கே இருக்கும்போது காய்ச்சல் வந்தால் உங்களுக்கு அழைப்போம், ஒரு மணிக்குள் யாராவது வர வேண்டும். வலிப்பு வந்தால் பக்கவாட்டில் கிடத்தி நேரம் பார்ப்போம், வாய்க்குள் எதுவும் வைக்கமாட்டோம், கையில் இரும்பு திணிக்கமாட்டோம். உடனே 1990 சுவசெரிய அம்புலன்ஸ் சேவைக்கு அழைத்து, ஒரு பராமரிப்பாளர் கூடவே யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்குப் போவார்.

மருந்து, உரைமருந்து கொடுப்பீர்களா?

வைத்தியர் எழுதிய சிட்டையும் பெயர் ஒட்டிய போத்தலும் இருந்தால் கொடுப்போம். அளவை ஒருவர் எடுக்க இன்னொருவர் பார்த்துக் கையெழுத்திடுவார். தேநீர்க்கரண்டி பாவிப்பதில்லை, ஊசிக்குழல்தான். உரைமருந்து, கிரைப் வாட்டர், வசம்பு கொடுப்பதில்லை. வீட்டில் கொடுத்திருந்தால் காலையில் சொல்லிவிடுங்கள். பின்னேரம் பிள்ளை சத்தி எடுத்தால் வைத்தியர் முதலில் கேட்பது அதைத்தான்.

வளவுக்குள் கிணறு இருக்கிறதே?

இருக்கிறது, அதை நினைத்தே ஒவ்வொரு நாளும் வாசல் திறக்கிறோம். கிணற்றுக்கட்டு ஒரு மீற்றருக்கு மேல் உயரம். வாய்க்கு இரும்பு வலை போட்டுப் பூட்டியிருக்கிறது. சாவி சமையலறையில் பெரியவர் உயரத்தில். கட்டுக்குப் பக்கத்தில் கதிரை, வாளி, கல் எதையும் விடுவதில்லை, பிள்ளை அதில் ஏறும். கிணற்றடியைச் சுற்றித் தனி வேலியும் தானாக மூடும் படலையும் உண்டு.

கிணற்றுக்கு எல்லோரும் பயப்படுவார்கள். வாளிக்குப் பயப்படுவதில்லை. எட்டு மாதத்திலிருந்து ஒன்றரை வயது வரை தலை கனமாகவும் கை பலமில்லாமலும் இருக்கும். பாதி நிரம்பிய வாளியைப் பிடித்து எழும்பி, தலைகீழாக விழுந்தால் தன்னால் எழும்ப முடியாது, சத்தமும் வராது. ஒரு சாண் தண்ணீர்கூட வேண்டாம். கழுவியவுடன் வாளியைக் கவிழ்த்து வைப்பது எங்கள் கட்டாயம். தொட்டியில் நீர் நிற்காது. வீட்டிலும் குளியலறைக் கதவுக்கு உயரத்தில் ஒரு கொளுக்கி போடுங்கள்.

பம்பஸா, துணியா?

எதுவும் சரி. ஒரு நாளைக்கு ஆறு, மாற்றுடுப்பு மூன்று சோடி, ஒரு துவாய் அனுப்புங்கள். இரண்டு மணிக்கு ஒருமுறையும் மலம் போனவுடனும் மாற்றுவோம். முன்னிருந்து பின்னாகத் துடைப்போம், பவுடர் பூசுவதில்லை. மாற்றும் பலகையை ஒவ்வொரு முறையும் சவர்க்காரத்தால் துடைத்து, பிறகு குளோரின் கரைசல்: 5 வீதத் திரவம் 20 மில்லிலீற்றர், தண்ணீர் ஒரு லீற்றர், காலையில் புதிதாகக் கலந்தது. மலசலகூடம் கழுவும் அமிலத்தோடு இதைச் சேர்த்தால் நச்சு வாயு கிளம்பும். வீட்டிலும் கவனம்.

மூன்று வயதில் எழுத்து, ஆங்கிலம் தொடங்குவீர்களா?

ஏடு தொடக்கியிருந்தால் நல்லது, அந்த ஒரு நாளின் மகிழ்ச்சி பிள்ளைக்கு வேண்டும். அடுத்த நாளே ஒற்றைக்கோட்டுக் கொப்பியில் ‘அ’ முப்பது தரம் எழுதவைக்கமாட்டோம். மூன்று வயதில் விரல் எலும்புகளும் தசையும் பென்சிலைப் பிடிக்க ஆயத்தமில்லை. முழங்கையிலிருந்து எழுதும், நோகும், எழுத்தென்றாலே ஓடும். அதற்குப் பதிலாகக் களிமண் பிசைதல், பனையோலை பின்னல், உடுப்புக் கிளிப் பிடித்தல், மணலில் விரலால் கோடு, கத்தரிக்கோல். நாலரை வயதில் பென்சில் தானாக விரலுக்குள் வரும்.

பேச்சு தமிழில். பாட்டு, கதை, பெயர் சொல்லிக் கேட்டல், பதில் சொல்ல இடம் விடுதல். தமிழில் நன்றாகப் பேசும் பிள்ளை பிறகு எந்த மொழியையும் பிடிக்கும். இரண்டு வயதில் இரண்டு சொல் சேர்த்துப் பேசாவிட்டால் “தகப்பனும் பிந்தித்தான் கதைச்சவர்” என்று விட்டுவிடாமல் செவிப்புலன் பார்க்கச் சொல்வோம். கைத்தொலைபேசி, தொலைக்காட்சி நிலையத்தில் இல்லை.

இன்னொரு பிள்ளை கடித்துவிட்டால்?

ஒன்றரையிலிருந்து இரண்டரை வயதுக்குள் கடித்தல் சாதாரணம். சொல் வராத இடத்தில் பல் வருகிறது. கடித்த இடத்தைக் கழுவி ஐஸ் வைத்து, இரண்டு வீட்டுக்கும் அன்றே சொல்வோம். கடித்த பிள்ளையின் பெயரைச் சொல்லமாட்டோம். திருப்பிக் கடிக்கவோ அடிக்கவோ யாருக்கும் அனுமதியில்லை, பெற்றோருக்கும் இங்கே இல்லை.

யார் யார் கூட்டிப்போகலாம்?

பதிவில் உள்ள நான்கு பேர், 18 வயதுக்கு மேற்பட்டவர்கள். மாமாவோ ஓட்டோக்காரரோ புதிதாக வருவதென்றால் நீங்களே அழைத்துச் சொல்ல வேண்டும். முகம் தெரிந்தவர் என்றாலும் அடையாள அட்டை கேட்போம். யாரும் குறைநினைக்க வேண்டாம். குடித்திருப்பவரிடம், அது தகப்பனாக இருந்தாலும், பிள்ளையைக் கொடுக்கமாட்டோம். பதிவில் உள்ள அடுத்தவரை அழைப்போம். பிள்ளைக்குத் தீங்கு நடப்பதாகச் சந்தேகம் வந்தால் 1929 சிறுவர் உதவித் தொலைபேசிக்கு அறிவிப்போம்.

வெளிநாட்டில் இருக்கிறோம். அப்பாவின் நினைவு நாளுக்குப் பிள்ளைகளுக்குச் சாப்பாடு கொடுக்கலாமா?

கொடுக்க நினைத்ததற்கு நன்றி. கடையில் வாங்கிய புரியாணியும் கேக்கும் மட்டும் வேண்டாம். உறைப்பும் எண்ணெயும் ஒத்துவராது, யாருக்கு என்ன ஒவ்வாமை என்று கடைக்காரருக்குத் தெரியாது. அன்றைய நாளின் எங்கள் சமையலுக்கான செலவை ஏற்கலாம். முட்டையும் மீனும் பழமும் அன்று கூடுதலாக இருக்கும். அதைவிடப் பயன், குறைந்த படியில் இருக்கும் ஒரு கைக்குழந்தையின் கட்டண வித்தியாசத்தை ஒரு வருடத்துக்கு ஏற்பது. அது ஒரு பராமரிப்பாளரின் சம்பளத்தில் ஒரு பகுதியைத் தாங்கும்.

பற்றுச்சீட்டும் செலவுக் கணக்கும் அனுப்புவோம். தட்டோடு நிற்கும் பிள்ளைகளின் படம் அனுப்பமாட்டோம், பெயர்ப் பதாகையின் கீழ் அவர்களை நிறுத்தமாட்டோம். சமைத்த உணவின் படம், வாங்கிய சாமானின் படம் அனுப்பலாம். அப்பாவின் பெயரையும் நாளையும் வாசல் பலகையில் அன்று எழுதிவைப்போம். ஊருக்கு வரும்போது காலை பத்து மணிக்கும் பதினொன்றுக்கும் இடையில் வாருங்கள். அப்போது பிள்ளைகள் விழித்து விளையாடிக்கொண்டிருப்பார்கள். செருப்பை வெளியே கழற்றி, கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிவிட்டு உள்ளே வரலாம்.